போர்ட் திறந்தும் இணைப்பு வரவில்லையா? வீட்டு ரூட்டருக்குப் பின்னால் டொரண்ட் பழுது கண்டறியும் முறை

கோப்புகளைப் பலரும் தமக்குள் பகிர்ந்து இறக்க உதவும் டொரண்ட் மென்பொருள்களில் ஒன்று கியூபிட்டொரண்ட். அதன் சாளரத்தின் அடிப்பட்டையில் ஒரு சிறு குறியீடு இருக்கிறது. அதன் நிறமும் வடிவமும் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்றாலும், சுட்டியை அதன்மேல் வைத்தால் தோன்றும் வரி மாறுவதில்லை. எல்லாம் சரியாக இருந்தால் ‘ஆன்லைன்’ என்று வரும். போர்ட் (வெளியிலிருந்து வரும் அழைப்புக்காக மென்பொருள் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல்) மூடியிருந்தால், நேரடி இணைப்புகள் எவையும் இல்லை, நெட்வொர்க் அமைப்பில் சிக்கல் இருக்கலாம் என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வரும். இந்த இரண்டாவது வரியைப் பார்த்த உடனே ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், போர்ட் ஃபார்வர்டிங் விதியை எழுதி, அழித்து, மறுபடியும் எழுதி, ரூட்டரை அணைத்துப் போட்டு, அப்போதும் வரி மாறாமல் சோர்ந்துபோகிறவர்கள் பலர். நானும் மூன்று மாலைப் பொழுதுகளை அப்படிக் கழித்திருக்கிறேன். நான் எழுதிய விதியில் ஒரு தவறும் இருக்கவில்லை. வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பொது ஐபி முகவரியே என் இணைப்புக்குத் தரப்படவில்லை என்பதுதான் காரணம். அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே பார்த்திருக்கலாம்.

ஆகையால் இங்கே சொல்லும் வரிசையில் ரூட்டர் விதி கடைசிப் பக்கமாகத்தான் வரும். வெளியிலிருந்து வரும் ஒரு பாக்கெட் (இணையத்தில் பயணிக்கும் தரவுத் துண்டு) நம் மென்பொருளை அடைவதற்குள் இணைய நிறுவனம், வீட்டுக்குள் வரும் ஃபைபர் பெட்டி, ரூட்டர், கணினியின் ஃபயர்வால், கடைசியில் மென்பொருள் என்று பல வாசல்களைக் கடக்கிறது. அவற்றில் எந்த வாசலில் அது நிற்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. எடுத்துக்காட்டாக, விண்டோஸ் கணினியில் ஓடும் கியூபிட்டொரண்ட்டை வைத்தே சொல்கிறேன். டிரான்ஸ்மிஷன் போன்ற பிற மென்பொருள்களுக்கும் முறை இதுவே.

போர்ட் திறப்பதால் மாறுவது என்ன

டொரண்ட் மென்பொருள் இரண்டு வகையில் மற்றவர்களோடு இணைகிறது. நம் கணினி வெளியே உள்ள ஒருவரை அழைப்பது ஒரு வகை. வெளியே உள்ளவர் நம்மை அழைப்பது மற்றொரு வகை. முதல் வகைக்கு ரூட்டரில் எந்த மாற்றமும் வேண்டியதில்லை, ஏனென்றால் உள்ளிருந்து போகும் ஒவ்வோர் அழைப்பையும் ரூட்டர் தன் நேட் (முகவரி மாற்ற) அட்டவணையில் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு வரும் பதிலை உரிய கணினிக்கே அனுப்பிவிடும். இரண்டாவது வகையில், யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வந்து நிற்கும் பாக்கெட்டை வீட்டில் உள்ள பத்துக் கருவிகளில் எதற்குக் கொடுப்பது என்று ரூட்டருக்குத் தெரியாது. தெரியாததால் அதை அங்கேயே கைவிட்டுவிடும். ‘28417 என்ற போர்ட்டுக்கு வருவதையெல்லாம் 192.168.1.50 என்ற கணினிக்குக் கொடு’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

இதைச் செய்தால் வேகம் பல மடங்காகும் என்று நம்பி இறங்க வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் சீட் செய்துகொண்டிருக்கும் (தம்மிடம் உள்ள கோப்பைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்) புதிய உபுண்டு கோப்பை இறக்கும்போது, போர்ட் மூடியிருந்தாலும் பெரும்பாலும் வேறுபாடு தெரியாது. வேறுபாடு தெரிவது இரண்டு இடங்களில். ஒன்று, ஓரிருவரிடம் மட்டுமே இருக்கும் பழைய கோப்பு: அவர்களுடைய போர்ட்டும் மூடி, நம்முடையதும் மூடியிருந்தால் யாரும் யாரையும் நேரடியாக அழைக்க முடியாது. மூன்றாமவர் ஒருவரின் துணையோடு இருபுறமும் துளையிட்டு இணைக்கும் ஏற்பாடு சில மென்பொருள்களில் உண்டு என்றாலும், அதை நம்பியிருக்க முடியாது. இரண்டாவது, நாம் சீட் செய்யும் நேரம்: வெளியே உள்ளவர்கள் நம்மை எட்ட முடிந்தால், நம்மிடம் உள்ளது இன்னும் பலருக்குப் பயன்படும். டெபியன், லிப்ரே ஆஃபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைத் தொடர்ந்து சீட் செய்து கொடுக்க நினைப்பவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் ஐந்து நிமிடம்: பொது ஐபி இருக்கிறதா?

கணினியில் விபிஎன் ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையைக் கொடுங்கள். ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் உள்ள எண்தான் ரூட்டரின் முகவரி. பெரும்பாலான வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். அதே இடத்தில் உங்கள் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து கணினிக்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

ரூட்டர் முகவரியை பிரௌசரில் அடித்து உள்ளே நுழைந்து, ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் ‘வேன் ஐபி’ (ரூட்டரின் வெளிப்பக்க முகவரி) அல்லது ‘இன்டர்நெட் ஐபி’ என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, உங்கள் ஐபி முகவரி என்னவென்று காட்டும் இணையதளம் ஏதேனும் ஒன்றைத் திறந்து, அங்கே தெரியும் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. நிம்மதியாக அடுத்த பகுதிகளுக்குப் போகலாம்.

வேறாக இருந்தால், ரூட்டர் காட்டும் எண்ணின் தொடக்கத்தைக் கவனியுங்கள். என் ரூட்டரில் அது 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் யாவும், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் சிஜி-நேட் ஏற்பாட்டுக்கென்று 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டவை. 10 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை தொடங்கினாலும், 192.168 என்று தொடங்கினாலும் அவை தனியார் முகவரிகள். இவற்றில் 192.168 என்றால், பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே ரூட்டருக்கு முன்னால் இன்னொரு ரூட்டர் நிற்கிறது. அதைச் சரிசெய்யும் வழி அடுத்த பகுதியில் வருகிறது. 10, 172 அல்லது 100 என்றால் முகவரியைப் பங்கிடும் பெட்டி பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கிறது. அதற்குள் விதி எழுத நமக்கு வழியில்லை; நம் ரூட்டரில் எத்தனை விதி எழுதினாலும் பாக்கெட் அதுவரை வந்து சேராது.

இந்த நிலைக்குக் காரணம் பற்றாக்குறை. ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தாம் உண்டு. உலக அளவில் அவற்றைப் பிரித்துக் கொடுத்துவந்த பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுப்பை அளந்து கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பின் வாடிக்கையாளர்களைப் பெருக்கிய நிறுவனங்களுக்குப் பங்கீட்டைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை.

சிஜி-நேட் என்று உறுதியானால் நிறுவனத்தை அழைத்துத்தான் கேட்க வேண்டும், அதையும் சரியான சொல்லில் கேட்க வேண்டும். ‘போர்ட் ஓப்பன் ஆகலை’ என்று நான் முதலில் சொன்னபோது, எதிர்முனையில் இருந்தவர், “சார், ஸ்பீடு ஃபுல்லா வருதா?” என்று கேட்டார். “வருதுங்க” என்றதும், “அப்ப லைன்ல பிரச்சினை இல்ல சார்” என்று முடித்துக்கொண்டார். மறுநாள் அழைத்து, “ஸ்பீடு நல்லாத்தான் இருக்குங்க. எனக்கு இப்ப குடுத்திருக்கிறது சிஜி-நேட் ஐபி, வேன்ல 100.72-ன்னு காட்டுது. பப்ளிக் ஐபி வேணும், மாசம் எவ்வளவு ஆகும்?” என்று கேட்ட பிறகுதான் அழைப்பு தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனது. டொரண்ட்டுக்கு நிலையான முகவரி தேவையில்லை. மாறும் பொது முகவரியே போதும், ஏனென்றால் மென்பொருள் ஒவ்வொரு முறையும் தன் இருப்பை டிராக்கரிடம் (கோப்பைப் பகிர்பவர்களின் பட்டியலை வைத்திருக்கும் சர்வரிடம்) புதிதாகத் தெரிவித்துக்கொள்கிறது. ஆனாலும் பொது முகவரியை ‘ஸ்டாடிக் ஐபி’ என்ற பெயரில் தனிக் கட்டணத்துக்கு மட்டுமே தரும் நிறுவனங்கள் உண்டு. அப்படியானால் அதைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பணம் கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஐபிவி6 ஒரு நல்ல வழி. இந்திய இணைப்புகள் பலவற்றில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ஐபிகான்ஃபிக்’ வெளியீட்டில் 24 என்று தொடங்கும் நீண்ட ஐபிவி6 முகவரி இருந்தால் (எஃப்இ80 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் பயன்படுவது, அது கணக்கில் வராது), உங்கள் கணினிக்கென்றே உலகம் அறியும் முகவரி ஒன்று இருக்கிறது. அங்கே முகவரிப் பங்கீடு கிடையாது, ஆகவே ஃபார்வர்டிங்கும் தேவையில்லை. ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்தக் கணினிக்கு அந்தப் போர்ட்டை மட்டும் அனுமதித்தால் போதும். ஐபிவி6 வைத்திருக்கும் பியர்கள் (அதே கோப்பைப் பகிரும் மற்றவர்கள்) மட்டுமே அந்த வழியில் வருவார்கள் என்பது குறைதான், ஆனால் ஒருவரும் வராமலிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு வீட்டில் இரண்டு ரூட்டர்

ஃபைபர் இணைப்புக்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் ஓஎன்டி பெட்டியே பெரும்பாலும் ஒரு முழு ரூட்டர். வைஃபை மாடிவரை எட்டவில்லை என்று கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி அதில் செருகியதும், இரண்டும் தனித்தனியே முகவரி மாற்றம் செய்யத் தொடங்குகின்றன. இரண்டாவது ரூட்டரில் மட்டும் விதி எழுதினால், பாக்கெட் முதல் பெட்டியிலேயே நின்றுவிடும்.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது, புதிய ரூட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்றிவிடுவது. வைஃபையை அது தரும், முகவரி வேலையை ஓஎன்டி மட்டும் பார்க்கும், விதியையும் அங்கே ஒரே இடத்தில் எழுதினால் போதும். உங்கள் ரூட்டரின் வசதிகள்தாம் வேண்டும் என்றால், ஓஎன்டியை ‘பிரிட்ஜ்’ நிலைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்கலாம். அப்போது இணைப்புக்கான பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் ரூட்டரில் கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால், மாற்றுவதற்கு முன்பே அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாவிட்டால், ஓஎன்டியில் ஒரு விதி எழுதி இரண்டாவது ரூட்டரின் வேன் முகவரிக்கு அனுப்பி, இரண்டாவது ரூட்டரில் இன்னொரு விதி எழுதிக் கணினிக்கு அனுப்பலாம். வேலை இரட்டிப்பாகும் என்றாலும் இது ஒழுங்காகவே ஓடும்.

கணினிக்கு நிலையான உள்முகவரி

ரூட்டர் விதி ஒரு குறிப்பிட்ட உள்முகவரிக்குத்தான் எழுதப்படுகிறது. கணினியின் முகவரியோ, ரூட்டர் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி மூலம் வருவதால் என்றாவது மாறக்கூடும். போன வாரம்வரை ஓடியது இன்று ஓடவில்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ரூட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டாடிக் டிஎச்சிபி’ என்ற பக்கத்தில், கணினியின் மேக் முகவரியையும் (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) நீங்கள் விரும்பும் ஐபியையும் இணைத்து வையுங்கள்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. வைஃபைக்கு ஒரு மேக் முகவரி, கேபிளுக்கு வேறொரு மேக் முகவரி என்பதால், வைஃபைக்காக ஒதுக்கிய ஐபி கேபிளைச் செருகிய உடனே செல்லாமல் போகும். அதேபோல, விண்டோஸின் வைஃபை அமைப்பில் ‘ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்’ இயங்கிக்கொண்டிருந்தால் மேக் முகவரியே மாறக்கூடும். வீட்டு நெட்வொர்க்குக்கு அதை அணைத்துவிடுங்கள்.

மென்பொருளில் போர்ட் எண்

போர்ட் எண் 65535 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றாலும் எல்லா எண்களும் நமக்குத் தோதானவை அல்ல. 1024க்குக் கீழே உள்ளவற்றைத் தொட வேண்டாம். டொரண்ட்டின் தொடக்க காலம் முதல் வழக்கத்தில் இருந்த 6881 முதல் 6889 வரையிலான எண்களைப் பலரும் தடுத்துவைத்திருப்பதால் அவற்றையும் தவிருங்கள். 49152க்கு மேல் உள்ள எண்களை விண்டோஸ் தற்காலிக இணைப்புகளுக்காக எடுத்துப் புழங்கிக்கொள்கிறது. ஹைப்பர்-வி போன்றவை நிறுவப்பட்ட கணினிகளில் அந்தப் பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான எண்கள் கூட்டமாக ஒதுக்கப்பட்டுவிடுவதும் உண்டு. ஆகவே 20000க்கும் 32000க்கும் இடையில் மனத்துக்குத் தோன்றும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான் 28417 என்று வைத்துக்கொள்கிறேன்.

கியூபிட்டொரண்ட்டில் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘கனெக்‌ஷன்’ என்று போய், உள்வரும் இணைப்புகளுக்கான போர்ட் என்ற கட்டத்தில் அந்த எண்ணை இடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிய போர்ட்டை எடுக்கும் தேர்வு உங்கள் மென்பொருளில் இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். டிரான்ஸ்மிஷனிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அருகிலேயே யூபிஎன்பி, நேட்-பிஎம்பி என்ற தேர்வும் இருக்கும். ரூட்டர் ஒத்துழைத்தால் விதியை மென்பொருளே எழுதிக்கொள்ளும் வசதி அது. கையால் விதி எழுதுவது என்று முடிவு செய்தால் இதை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் ஒரே போர்ட்டுக்கு இரண்டு பேர் விதி எழுதப் போனால் சில ரூட்டர்கள் இரண்டாவதை ஏற்க மறுக்கும்.

இப்போது மென்பொருள் உண்மையிலேயே அந்தப் போர்ட்டில் காத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்ற கருவியைத் திறந்து, ‘நெட்வொர்க்’ தாவலில் ‘லிசனிங் போர்ட்ஸ்’ பகுதியை விரித்தால், கியூபிட்டொரண்ட் என்ற பெயருக்கு நேராக 28417 என்ற எண் டிசிபி, யூடிபி என்ற இரண்டு வகைப் போக்குவரத்துக்கும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மென்பொருளின் மேம்பட்ட அமைப்புகளில் ‘நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்’ எதில் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எப்போதோ போட்டு நீக்கிய விபிஎன்னின் பெயர் இன்னும் அங்கே இருந்தால் மென்பொருள் எங்கும் காத்திருக்காது.

கணினியின் ஃபயர்வால்

அதே ‘லிசனிங் போர்ட்ஸ்’ பகுதியின் கடைசி நிரலில் ‘ஃபயர்வால் ஸ்டேட்டஸ்’ என்று ஒன்று இருக்கிறது. பலருக்கும் இது கண்ணில் படுவதே இல்லை. அங்கே ‘அலவ்டு, நாட் ரெஸ்ட்ரிக்டட்’ என்று இருந்தால் விண்டோஸ் ஃபயர்வால் வழிவிட்டிருக்கிறது. ‘நாட் அலவ்டு’ என்று தொடங்கினால் பழுது இங்கேதான்.

மென்பொருளை முதன்முதலில் திறந்தபோது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி அனுமதி கேட்டிருக்கும். அவசரத்தில் ‘கேன்சல்’ அழுத்தியிருந்தால், விண்டோஸ் சும்மா இருந்துவிடாது. அந்த மென்பொருளுக்குத் தடை விதி ஒன்றையே எழுதிவைத்துவிடும். பிறகு நாம் போர்ட்டுக்கென்று அனுமதி விதி எழுதினாலும், தடை விதியும் அனுமதி விதியும் மோதும்போது தடையே வெல்லும். ஆகவே ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்பில் ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ பட்டியலைத் திறந்து, கியூபிட்டொரண்ட் பெயரில் உள்ள எல்லா வரிகளையும் பாருங்கள். சிவப்புத் தடைக்குறி உள்ளவற்றை நீக்கிய பிறகு, மென்பொருளின் கோப்புக்கு அனுமதி விதி ஒன்றைப் புதிதாக எழுதுங்கள். எழுதும்போது ‘பிரைவேட்’, ‘பப்ளிக்’ என்ற இரண்டில் எதற்கு அந்த விதி என்பதையும் கவனிக்க வேண்டும்: விதி ‘பிரைவேட்’டுக்கு மட்டும் இருந்து, வீட்டு வைஃபையை விண்டோஸ் ‘பப்ளிக்’ என்று வகைப்படுத்தியிருந்தால் விதி இருந்தும் இல்லாததுபோலத்தான். வீட்டு நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ என்று மாற்றிவிடுவது நல்லது. தனியாக ஆன்டிவைரஸ் தொகுப்பு வைத்திருப்பவர்கள் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. அதே வைஃபையில் உள்ள வேறொரு விண்டோஸ் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து, ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளையை 192.168.1.50 என்ற முகவரியோடும் 28417 என்ற போர்ட்டோடும் கொடுங்கள். ‘டிசிபி டெஸ்ட் சக்ஸீடட்’ என்ற வரி ‘ட்ரூ’ என்று முடிந்தால், கணினிவரை எல்லாம் சரி. ‘ஃபால்ஸ்’ என்று வந்தால் ரூட்டர் விதியைப் பற்றி இன்னும் நினைக்கவே வேண்டாம். சோதிக்கும் கருவி ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கக் கூடாது. அது மற்றக் கருவிகளிடமிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருக்கும்.

ரூட்டர் விதி

இந்தப் பக்கத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: ‘போர்ட் ஃபார்வர்டிங்’, ‘போர்ட் மேப்பிங்’, ‘விர்ச்சுவல் சர்வர்’ ஆகிய மூன்றும் ஒன்றே. ‘போர்ட் ட்ரிகரிங்’ என்று இருப்பது வேறு. அது நமக்கு வேண்டாம்.

உள்முகவரியாக 192.168.1.50 கொடுங்கள். வெளிப்போர்ட், உள்போர்ட் இரண்டிலும் 28417 என்றே இடுங்கள். இரண்டையும் வெவ்வேறாக வைக்க ரூட்டர் அனுமதிக்கும், ஆனால் மென்பொருள் தான் காத்திருக்கும் எண்ணைத்தான் டிராக்கரிடம் சொல்கிறது. வெளியே உள்ளவர்கள் அந்த எண்ணைத் தேடித்தான் வருவார்கள். தொடக்கம், முடிவு என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் இரண்டிலும் அதே எண். புரோட்டோகாலில் டிசிபி, யூடிபி இரண்டையும் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் இன்றைய டொரண்ட் போக்குவரத்தில் பெரும்பங்கு யூடிபி வழியாகவும் நடக்கிறது, பியர்களைத் தேடும் டிஎச்டியும் யூடிபிதான். இரண்டையும் ஒருசேரத் தேர்ந்தெடுக்க முடியாத ரூட்டரில் இரண்டு விதிகள் எழுதுங்கள்.

‘சோர்ஸ் போர்ட்’, ‘ரிமோட் ஹோஸ்ட்’ போன்ற கட்டங்கள் இருந்தால் அவற்றைக் காலியாக விட வேண்டும். நம்மை அழைப்பவர் தம் பக்கத்தில் எந்தப் போர்ட்டிலிருந்து அழைப்பார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கேயும் 28417 என்று எழுதிவிட்டால் ஒருவரும் உள்ளே வர முடியாது. ஓஎன்டி பெட்டிகளில் இன்னொரு கண்ணி உண்டு. ஒரே ஃபைபர் வழியாக இணையத்துக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று, நிறுவனத்தின் பராமரிப்புக்கு ஒன்று என்று பல வேன் இணைப்புகள் அதில் இருக்கலாம். விதி எழுதும் பக்கத்தின் தலையில் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பட்டியலில் முதலில் நிற்பது இணையத்துக்கு உரியதாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பெயரில் ‘இன்டர்நெட்’ என்ற சொல் உள்ளதைத் தேடித் தேர்ந்தெடுங்கள். சேமித்த பிறகு விதிக்கு எதிரே ‘எனேபிள்’ கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வெளியிலிருந்து சோதித்தல்

போர்ட் சோதிக்கும் இணையதளங்கள் பல இருக்கின்றன. அவற்றைத் திறப்பதற்கு முன் கியூபிட்டொரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காத்திருக்கும் மென்பொருள் இல்லாத போர்ட் எப்போதும் மூடியதாகத்தான் தெரியும். வீட்டுக்குள்ளிருந்தே உங்கள் பொது முகவரியை அழைத்துப் பார்ப்பது சரியான சோதனை அல்ல, ஏனென்றால் வெளியே போய்த் திரும்பி வருவதுபோன்ற அந்த அழைப்பைப் பல ரூட்டர்கள் ஏற்பதில்லை. அந்தத் தளங்கள் பெரும்பாலும் டிசிபியை மட்டுமே சோதிக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

முடிவு தோல்வி என்றாலும் அது எப்படித் தோற்றது என்பதில் செய்தி இருக்கிறது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் வழியில் ஏதோ ஒன்று பாக்கெட்டைப் பெற்று, வேண்டாம் என்று பதிலும் அனுப்பியிருக்கிறது. ‘டைம்டு அவுட்’ என்றால் பாக்கெட்டை யாரோ ஓசையில்லாமல் கைவிட்டுவிட்டார்கள். விண்டோஸ் ஃபயர்வாலும் இப்படி ஓசையில்லாமல் கைவிடும் வகையைச் சேர்ந்ததுதான், ஆகவே இரண்டாவது செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு பழியை ரூட்டர்மேல் போட முடியாது.

அந்த ஐயத்தைத் தீர்க்க, கணினிக்கு வந்துபோகும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருள் இருக்கிறது. இதைப் பார்த்துப் பலர் அஞ்சுகிறார்கள். நமக்கு வேண்டியதோ மிகச் சிறிய பயன்பாடு. வயர்ஷார்க்கில் இணைய இணைப்பைத் தேர்ந்தெடுத்து, டிசிபி போர்ட் 28417 என்று வடிகட்டி வைத்துவிட்டு, வைஃபையைத் துண்டித்த கைப்பேசியில் மொபைல் டேட்டா மூலம் போர்ட் சோதனைச் செயலியைக் கொண்டு உங்கள் பொது முகவரியை அழையுங்கள். அதே நொடியில் திரையில் ‘சின்’ (இணைப்புக் கோரிக்கை) என்று குறிக்கப்பட்ட வரி தோன்றினால், பாக்கெட் நிறுவனத்தையும் ரூட்டரையும் கடந்து கணினியின் வாசலுக்கே வந்துவிட்டது. அதற்குக் கீழே ‘சின், ஆக்’ என்று பதில் போகவில்லையென்றால் தடுப்பது கணினியின் ஃபயர்வால்தான். வரியே தோன்றாவிட்டால் தடை ரூட்டரிலோ அதற்கும் வெளியிலோ இருக்கிறது. வயர்ஷார்க் ஃபயர்வாலுக்கு முன்பே பாக்கெட்டைப் பார்த்துவிடுவதால் இந்தப் பிரிப்பை நம்பலாம். நான் வேறு எந்தக் கருவியையும்விட இதைத்தான் நம்புகிறேன்.

விபிஎன் வழியாக டொரண்ட் ஓட்டுபவர்களுக்கு ரூட்டர் விதி பயன்படாது. அவர்களுடைய வெளிமுகவரி விபிஎன் நிறுவனத்துடையது. அந்த நிறுவனமே போர்ட் ஃபார்வர்டிங் தந்தால்தான் உண்டு.

செய்யக் கூடாதவை

எதுவும் ஓடாத சலிப்பில் சிலர் ரூட்டரின் ‘டிஎம்இசட்’ பக்கத்தில் கணினியின் முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். வேறு விதியில் சேராத போர்ட் அத்தனையும் அந்தக் கணினிக்குத் திறந்துவிடும். சோதனைக்காக இரண்டு நிமிடம் வைத்துப் பார்க்கலாம், பார்த்ததும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 ஆகியவற்றை ஒருபோதும் வெளியே திறக்காதீர்கள். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாக்ரை, 445 வழியாகத்தான் கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. கியூபிட்டொரண்ட்டை பிரௌசரில் இயக்க உதவும் வெப் யூஐ 8080 என்ற போர்ட்டில் வரும்; அதையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துச் சோதித்திருந்தால் அதைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு, பலர் பகிரும் டெபியன் கோப்பு ஒன்றைச் சேர்த்துச் சிறிது நேரம் விட்டுவையுங்கள். வெளியிலிருந்து ஒருவராவது வந்து இணையும்வரை அடிப்பட்டையின் குறியீடு மாறாது, ஆகவே மென்பொருளைத் திறந்த உடனே அதைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. டொரண்ட்டைத் தேர்ந்தெடுத்துக் கீழே ‘பியர்ஸ்’ தாவலைத் திறந்தால், ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே ‘ஃப்ளாக்ஸ்’ என்ற நிரலில் சில ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றில் பெரிய எழுத்து ‘ஐ’ உள்ளவர்தாம் தாமாக நம்மைத் தேடி வந்தவர். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டால் போர்ட் திறந்துவிட்டது. அடுத்த முறை மின்சாரம் போய்த் திரும்பி, ஓஎன்டியும் ரூட்டரும் கணினியும் புதிதாக எழுந்த பிறகு, கணினியின் முகவரி 192.168.1.50 ஆகவே இருக்கிறதா, அந்த ‘ஐ’ மறுபடியும் தென்படுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.